விவசாயத் துறையின் மேசைக்கு நம் பிள்ளைகள் ஏன் வருவதில்லை?

ஜொகூர் மாநிலத்தின் குளுவாங்கில் வேலை வாய்ப்புக் கண்காட்சி நடந்தால் எந்த மேசைக்கு முன்னால் வரிசை நீளும் என்பதை ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். மின்னணுத் தொழிற்சாலை, பேரங்காடி, பாதுகாவலர் நிறுவனம், சிங்கப்பூருக்கு ஆள் எடுக்கும் முகவர். அடையாள அட்டையையும் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வுச் சான்றிதழையும் நீட்டினால் நின்ற இடத்திலேயே பேசி முடித்து, "திங்கக்கிழமை வந்துடு" என்று அனுப்பிவிடுவார்கள். அரசாங்கத் துறைகளின் மேசைகள் ஓர் ஓரமாக இருக்கும். விவசாயத் துறை மேசையில் பாலிபேக்கில் மிளகாய்க் கன்று, மண்ணில்லாமல் கீரை வளர்க்கும் குழாய் மாதிரி, உரப் பொட்டலம், மலாயில் அச்சடித்த துண்டறிக்கைக் கட்டு. கன்று இலவசம் என்றால் அம்மாக்கள் வந்து ஆளுக்கு இரண்டு வாங்கிப் போவார்கள். பிள்ளைகள் எட்டிப் பார்ப்பதோடு சரி.

இதைப் பார்த்துவிட்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மண்ணில் கை வைக்கப் பிடிக்கவில்லை" என்று மேடையில் பேசிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. அரசாங்கத்தின் விவசாய வேலைகளில் பல இனத்துப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்று துறைகள் உண்மையாகவே விரும்பினாலும், ஒருநாள் கண்காட்சியால் அது நடக்காது. அதற்கான காரணங்களில் பாதி கண்காட்சிக்கு நாலைந்து வருடம் முன்பே நடந்து முடிந்திருக்கின்றன. மீதி, கண்காட்சி முடிந்த மறுநாள் தொடங்குகின்றன.

முதலில் சட்டம். அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரியால் யாருக்கும் வேலை கொடுக்க முடியாது. அவருக்கு அந்த அதிகாரமே இல்லை. கூட்டரசுப் பொதுச் சேவையில் ஆட்களை நியமிப்பது அரசியலமைப்பின் 144-வது பிரிவின்படி பொதுச் சேவை ஆணையத்தின் வேலை. நாம் எஸ்.பி.ஏ. என்று சொல்வது இதைத்தான். இணையத்தில் பதிந்து, விளம்பரம் வரும்போது விண்ணப்பித்து, சில பதவிகளுக்குத் தேர்வு எழுதி, பிறகு நேர்முகத்துக்குப் போய்க் காத்திருக்க வேண்டும். பக்கத்து மேசையில் திங்கட்கிழமை வேலை தயாராக இருக்கும்போது, "பதிஞ்சு வை, கூப்பிடுவாங்க" என்கிற பதில் பதினெட்டு வயதுப் பையனின் காதில் எப்படி விழும் என்று சொல்லத் தேவையில்லை. குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாரு இரண்டு மணி நேரத்துக்குள். பாலத்தைத் தாண்டினால் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல். அந்தக் கணக்கோடு எந்தத் துண்டறிக்கையும் போட்டி போட முடியாது.

எஸ்.பி.ஏ. என்பது ஒரே ஒரு வாசல்தான். நம் வீடுகளில் பலருக்குத் தெரியாத சங்கதி இது. விவசாயம் சார்ந்த அரசாங்க வேலைகளில் கணிசமான பகுதி சட்டப்பூர்வ அமைப்புகளில் இருக்கிறது. விளைபொருள் சந்தைப்படுத்த 1965-ல் தொடங்கிய ஃபாமா, விவசாய ஆராய்ச்சிக்காக 1969-ல் வந்த மார்டி, ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்காக 1973-ல் உருவான ரிஸ்டா, 2000-ல் இரண்டு அமைப்புகளை இணைத்து ஏற்படுத்திய மலேசிய செம்பனை வாரியம், ரப்பர் வாரியம் எல்லாம் தங்கள் ஆட்களைத் தாங்களே எடுத்துக்கொள்பவை. எஸ்.பி.ஏ.வில் பதிந்த பெயர் அங்கே போய்ச் சேராது. ஒவ்வொன்றின் இணையத்தளத்திலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஜொகூருக்கு இன்னொரு வாசலும் உண்டு. மாநில அரசின் பதவிகளுக்கு ஜொகூர் தன் சொந்தப் பொதுச் சேவை ஆணையத்தை வைத்திருக்கிறது. ஆக, குளுவாங்கில் இருக்கும் ஒரு பெண், விவசாயம் படித்துவிட்டு "எஸ்.பி.ஏ.ல பதிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு, ஒண்ணும் வரல" என்று உட்கார்ந்திருந்தால், அவள் மூன்று நான்கு வாசல்களில் ஒன்றை மட்டும் தட்டியிருக்கிறாள். அதுவும், எஸ்.பி.ஏ. பதிவுக்குக் காலக்கெடு உண்டு. புதுப்பிக்காமல் விட்டால் அந்த ஒரு வாசலும் மூடிவிடும். இவ்வளவையும் கண்காட்சி மேசையில் யாராவது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள் என்றால் அதுவே பெரிய உபகாரம். கொடுப்பது பெரும்பாலும் கன்றுதான்.

பதவிகளின் படிநிலை எளிமையானது. பட்டதாரிக்கு விவசாய அதிகாரி, டிப்ளோமா முடித்தவருக்கு உதவி விவசாய அதிகாரி, எஸ்.பி.எம். போதும் என்பவருக்கு விவசாய உதவியாளர். முன்பு இவை ஜி41, ஜி29, ஜி19 என்று இருந்தன. 2024 டிசம்பர் முதல் அமலுக்கு வந்த புதிய சம்பள முறையில் ஜி9, ஜி5, ஜி1 ஆகிவிட்டன. பழைய துண்டறிக்கையை வைத்துக்கொண்டு தேடும் பிள்ளைக்கு விளம்பரம் கண்ணில் படாமலே போகலாம். கால்நடைத் துறையிலும் மீன்வளத் துறையிலும் ஏறக்குறைய இதே அடுக்குதான்.

மூன்று பதவிப்படிகளுக்கும் பொதுவான ஒரு கதவு மலாய்மொழி. எஸ்.பி.எம்.மில் மலாய்மொழியில் கிரெடிட் தேர்ச்சி இல்லாவிட்டால், தாவரவியலில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்த மூன்றில் எதற்கும் போக முடியாது. பட்டம் வாங்கியவருக்கும் அதே விதி. தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போய், முதல் இரண்டு வருடம் வகுப்பில் பின் வரிசையில் மௌனமாக உட்கார்ந்திருக்கும் பையனுக்கு, அந்த கிரெடிட் பல வருடம் கழித்து ஒரு அரசாங்க விளம்பரத்தில் எதிரே வந்து நிற்கும் என்பது தெரியாது. சொல்லவும் ஆளில்லை. கிரெடிட் தவறியவர்கள் மலாய்மொழித் தாளை மட்டும் மறுபடி எழுதலாம் என்பதும் பலருக்குத் தெரியாது. தனியார் கல்லூரியில் டிப்ளோமா முடித்து, நல்ல மதிப்பெண்ணோடு வந்தவர் இந்த ஒரு தாளில் மாட்டிக்கொண்டு நிற்பது தோட்டப்புறக் குடும்பங்களில் புதிய கதையே அல்ல.

பாடத் தேர்வு அடுத்த தடை. மூன்றாம் படிவம் முடிந்து நான்காம் படிவத்துக்குப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. எஸ்.பி.எம்.மில் விவசாயம் ஒரு விருப்பப் பாடம். எல்லாப் பள்ளிகளிலும் அது இல்லை. இருக்கும் பள்ளியிலும் "மற்றதில் தேறாதவர்களுக்கு" என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் உண்டு. உயிரியலும் வேதியியலும் எடுக்காத பிள்ளை பின்னால் விவசாய அறிவியல் பட்டத்துக்குப் போவது கடினம். ஐந்தாம் படிவம் முடித்தவர்களையும் வேலையில்லாப் பட்டதாரிகளையும் பார்த்து நடத்தும் கண்காட்சி, இந்த முடிவுகள் எல்லாம் எடுத்தாகிவிட்ட பிறகு வருகிறது.

இது நடைமுறைப் பக்கம். மனப் பக்கம் இதைவிடக் கனமானது.

குளுவாங்கைச் சுற்றி இன்று செம்பனை நிற்கும் இடமெல்லாம் ஒரு காலத்தில் பால்மரக் காடு. தாத்தா பாட்டி விடியலுக்கு முன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, மேற்பார்வை பார்க்கும் மண்டோர் பேர் கூப்பிட்டு, நிரை பிரித்துக் கொடுத்து, மழை வந்தால் அன்றைய சம்பளம் போய்விடும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே பால் வெட்டிய இடங்கள். மலாயாவில் வணிக நோக்கத்தோடு செம்பனை முதன்முதலில் 1917-ல் கோல சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் நடப்பட்டது. பின்னால் ரப்பர் விலை விழ விழ, தோட்டம் தோட்டமாக மரத்தை மாற்றினார்கள். மரம் மாறியதே தவிர, பெரட்டு மாறவில்லை. 1980-களிலும் 90-களிலும் தோட்டங்கள் விற்கப்பட்டு, வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போனபோது, குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான்களுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் வந்து சேர்ந்தன. அந்த வருகைக்காக ஒரு தலைமுறை வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது.

இப்போது அந்தப் பிள்ளை, "அம்மா, விவசாயத்துக்கு விண்ணப்பம் போடலாமா?" என்று கேட்டால் வரும் பதில் தெரிந்ததுதான்: "இவ்ளோ படிக்க வச்சது மறுபடி காட்டுக்குப் போறதுக்கா?" கல்லாத பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவருக்குத் தெரிந்த விவசாயம் அப்படிப்பட்டது. முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து செம்பனை நிரைகளில் களைக்கொல்லி அடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பாராகுவாட் கலந்த தண்ணீர் கையில் வழிந்து, நகம் கறுத்து உதிர்ந்த அம்மாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த மருந்தின் பெயர் தெரியாது, நாற்றம் தெரியும்.

கண்காட்சி மேசையில் யாரும் சொல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. எந்தக் களைக்கொல்லி இந்த நாட்டில் விற்கலாம், எது கூடாது என்று முடிவெடுப்பது 1974-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் அமைந்த வாரியம். அந்தச் சட்டத்தை அமல்படுத்துவது இதே விவசாயத் துறை. பாராகுவாட்டை நிறுத்துவதாக 2002-ல் முடிவெடுத்தார்கள். 2006-ல் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தினார்கள். கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை வந்தது. இடையில் போன பதினெட்டு வருடமும் அம்மாக்கள் தொட்டியைச் சுமந்தார்கள். மருந்துப் போத்தலைச் சோதிப்பவர், அதன் லேபிளைச் சரிபார்ப்பவர், தோட்டத்துக்குள் போய்க் கையுறை கொடுத்தார்களா என்று கேட்பவர் எல்லாருமே அரசாங்க அதிகாரிகள். அந்த நாற்காலிகளில் தொட்டி சுமந்த வீட்டுப் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்திருந்தால் கதை மாறியிருக்கும் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் "விவசாய வேலை" என்றால் மண்வெட்டி மட்டும் அல்ல, அந்த நாற்காலியும் அதில் அடக்கம் என்று அந்த அம்மாவிடம் எடுத்துச் சொன்னால், அவர் கேட்கும் அடுத்த கேள்வி வேறாக இருக்கும். "அதுக்கு என்ன படிக்கணும்?" என்பார். மிளகாய்க் கன்று அந்தக் கேள்வியைக் கொண்டுவராது.

குளுவாங்குக்கு இன்னொரு விசேஷம். கால்நடைச் சேவைத் துறையின் மலேசியக் கால்நடைப் பயிற்சிக் கழகம் இந்த ஊரிலேயே இருக்கிறது. விலங்கு நலம், கால்நடை வளர்ப்பு ஆகியவற்றில் எஸ்.பி.எம். முடித்தவர்கள் படிக்கும் இடம். அயர் ஈத்தாமில் விவசாயத் துறையின் பயிற்சிக் கழகம். மார்டிக்கும் குளுவாங்கில் நிலையம் உண்டு. வேறு எந்தத் தோட்ட நகரத்துக்கும் இப்படி மூன்றும் பக்கத்தில் வாய்ப்பது அபூர்வம். தோட்டத்துத் தமிழர்களுக்கோ மாடும் ஆடும் புதிதல்ல. லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டு, காலையில் பால் கறந்து சைக்கிளில் ஊற்றிவிட்டுப் பெரட்டுக்குப் போனவர்கள் இருந்த சமூகம் இது. கன்று பிறக்கும்போது பின்னங்கால் முதலில் வந்தால் என்ன செய்வது என்று எட்டாவது வயதில் பார்த்துத் தெரிந்துகொண்ட பிள்ளைகள், அதையே பாடமாகப் படிக்க ஓரிடம் சில கிலோமீட்டரில் இருப்பது தெரியாமல், தொழிற்சாலை ஷிப்டுக்குப் பேருந்து ஏறுகிறார்கள்.

வெளிப்படையாகப் பேசினால், கால்நடைத் துறைக்கு நம் வீடுகளில் ஒரு தனித் தயக்கமும் உண்டு. "மாடு அறுக்கற எடத்துல போய் நிக்கச் சொல்லுவாங்களா?" என்று கேட்பார்கள். அறுவைக்கூடப் பரிசோதனை அந்தத் துறையின் வேலைகளில் ஒன்றுதான். அதை மறைப்பதில் பயனில்லை. நோய்க் கட்டுப்பாடு, தடுப்பூசி, தீவனம், ஆய்வுக்கூடம், செயற்கைக் கருவூட்டல், எல்லையில் விலங்குகளைச் சோதிப்பது என்று வேறு வேலைகள் எத்தனையோ இருக்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியைக் கூச்சமில்லாமல் கேட்க, அம்மாவுக்கு மேசைக்கு அந்தப் பக்கம் தமிழ் பேசும் ஒருவர் இருக்க வேண்டும். மலாய் அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரிடம் இதைக் கேட்க வாய் வராது. கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்று மென்று விழுங்கிவிட்டுக் கன்றை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

பல இனத்தவரும் விவசாயத் துறையில் இருக்க வேண்டும் என்பது வெறும் எண்ணிக்கை நியாயமா, வேலைக்கே அது தேவையா என்று கேட்கலாம். 1998-ன் கடைசியில் ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய நீப்பா நோயை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று எண்ணிக் கொசுவுக்குப் புகை போட்டார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்தக் காய்ச்சல் வழக்கமாகப் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பன்றிகளோடு வேலை செய்த பெரியவர்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய வைரஸைப் பிரித்தெடுத்த பிறகுதான் பாதை மாறியது. அதற்குள் நோய் நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக் வரை போயிருந்தது. 265 பேருக்கு நோய், 105 பேர் சாவு, பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகள் கொல்லப்பட்டன. நோயைத் தவறாகப் புரிந்துகொண்டதற்கு இனம் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. பண்ணைக்குள் அடிக்கடி போய்வந்து, பண்ணைக்காரரின் மொழியில் பேசி, "எந்த மிருகம் முதல்ல இருமுச்சு?" என்று கேட்கக்கூடிய கள ஊழியர்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்பது நோய்க் கட்டுப்பாட்டின் அடிப்படை. கேமரன் மலைக் காய்கறித் தோட்டக்காரர்களில் தமிழர்கள் உண்டு. செம்பனை நிரைகளுக்கிடையே மாடு மேய்ப்பவர்களில் தமிழர்கள் உண்டு. அவர்களிடம் கோமாரித் தடுப்பூசி பற்றிப் பேசப் போகும் உதவியாளர் எந்த மொழி பேசுவார் என்பது சின்ன விஷயம் அல்ல.

அமெரிக்கா இதில் பட்டுத் தெரிந்துகொண்ட நாடு. அங்கே விவசாயக் கடனைத் தீர்மானித்த உள்ளூர் அலுவலகங்களில் கறுப்பினத்தவர் அரிதாகவே இருந்தார்கள். கறுப்பின விவசாயிகளுக்குக் கடன் மறுக்கப்பட்டது, தாமதப்படுத்தப்பட்டது என்று தொடுத்த பிக்ஃபோர்ட் வழக்கு 1999-ல் சமரசத்தில் முடிந்து, விவசாய அமைச்சு நூறு கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்க நேர்ந்தது. அதற்கு முன்பே, 1992-ல், அந்த அமைச்சு கறுப்பின மாணவர்களுக்காக 1890-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஓர் உபகாரச் சம்பளத் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. படிப்புச் செலவு அமைச்சுடையது. உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அமைச்சில் வேலை செய்ய வேண்டும். 1986-ல் உருவான சிறுபான்மை விவசாய மாணவர் சங்கம் வருடா வருடம் மாநாடு கூட்டி அதோடு வேலைக் கண்காட்சியும் நடத்துகிறது. அந்தக் கண்காட்சிக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே விவசாயம் படித்துக்கொண்டிருப்பவர்கள், பலர் விடுமுறையில் அரசு அலுவலகத்தில் பயிற்சி முடித்தவர்கள். மேசையில் நடப்பது அறிமுகம் அல்ல, கையெழுத்துக்கு முந்திய கடைசிப் பேச்சு. நாம் அங்கேயிருந்து கண்காட்சியை மட்டும் பார்த்து, அதற்கு முன்னால் இருக்கும் உபகாரச் சம்பளத்தையும் பயிற்சியையும் பார்க்கத் தவறுகிறோம்.

நம் நாட்டின் நிலைமையைப் பேசும்போது சட்டம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. அரசியலமைப்பின் 136-வது பிரிவு, கூட்டரசுச் சேவையில் ஒரே நிலையில் இருப்பவர்களை இனம் பாராமல் நடத்த வேண்டும் என்கிறது. அது உள்ளே வந்துவிட்டவர்களுக்கு. உள்ளே வருவதைப் பொறுத்தவரை 153-வது பிரிவு மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடியினருக்கும் பொதுச் சேவையில் ஒதுக்கீட்டுக்கு இடமளிக்கிறது. தோட்ட நிர்வாகத்துக்கு ஆள் தயாரிக்கும் பெயர்பெற்ற டிப்ளோமா யுஐடிஎம்மில் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் பூமிபுத்ராக்களுக்கு மட்டும். மூன்று தலைமுறை தோட்டத்தில் கிடந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, தோட்டத்தை நிர்வகிக்கக் கற்றுத்தரும் அந்த வகுப்பில் இடம் கிடையாது. இதைக் கோபத்தோடு சொல்லலாம், சாதாரணமாகவும் சொல்லலாம். எப்படிச் சொன்னாலும், அந்த வகுப்பறை மூடியிருக்கிறவர்களுக்குத் திறந்திருப்பவை எவை என்று தெரிந்திருப்பது அவசியம். புத்ரா பல்கலைக்கழகம் அப்படி ஒன்று. 1931-ல் செர்டாங்கில் விவசாயப் பள்ளியாகத் தொடங்கி, 1971-ல் விவசாயப் பல்கலைக்கழகமாகி, 1997-ல் இன்றைய பெயரைப் பெற்றது. விவசாயத் துறையின் பயிற்சிக் கழகங்களும், தெலுக் இந்தான் போன்ற ஊர்களில் உள்ள விவசாயத் தொழிற்கல்லூரிகளும் அந்தப் பட்டியலில் சேரும்.

2017 ஏப்ரலில் வெளியிட்ட மலேசிய இந்தியர் புளூபிரிண்ட், பொதுச் சேவையில் இந்தியர் பங்கை 7 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவதை இலக்காக வைத்தது. நாட்டின் மக்கள்தொகையில் நம் பங்கு ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் நியாயமான இலக்கு. ஆனால் மொத்தச் சேவைக்கு ஒரே எண் என்று வைத்தால், ஆசிரியர்களும் தாதியரும் சேர்ந்து அந்த எண்ணை நிரப்பப் பார்ப்பார்கள். விவசாயத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் யார் இருக்கிறார்கள் என்பது அதில் மறைந்துவிடும். துறைவாரியாக, பதவிப்படிவாரியாக, விண்ணப்பித்தவர் எத்தனை, நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டவர் எத்தனை, நியமிக்கப்பட்டவர் எத்தனை என்று மூன்று வரியாகப் போட்டால்தான் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். விண்ணப்பமே போடாதவர்களை வைத்துக்கொண்டு "எங்களை எடுப்பதில்லை" என்பதும் சரியாகாது. விண்ணப்பித்தவர்களைக் கூப்பிடாமல் "அவர்கள் விண்ணப்பிப்பதில்லை" என்பதும் சரியாகாது.

பெற்றோருக்கு அரசாங்க வேலை என்றாலே பென்ஷன்தான் நினைவுக்கு வரும். அந்தக் கவர்ச்சியும் மங்கிவருகிறது. 2024 பிப்ரவரி முதல் புதிதாகச் சேருகிறவர்களைப் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்கு வெளியே, ஊழியர் சேமநிதிப் பங்களிப்போடு எடுப்பதாக அரசாங்கம் அறிவித்தது. "கவர்மென்ட் வேலைன்னா கடைசி வரைக்கும் சோறு" என்று இனி சொல்லிவிட முடியாது. இனிச் சொல்ல வேண்டியது வேலையின் தன்மையைப் பற்றி: ஞாயிறு விடுமுறை, மருத்துவ விடுப்பு, படிக்க அனுப்பும் வாய்ப்பு, ஊருக்குப் பக்கத்தில் மாற்றல் கேட்கும் உரிமை, பதவி உயர்வுக்கு ஒரு படிக்கட்டு. ஷிப்டில் நின்று இருபத்தைந்து வயதில் முதுகு வலிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இவை சின்ன விஷயங்கள் அல்ல.

அப்படியென்றால் கண்காட்சியே வேண்டாமா? வேண்டும், ஆனால் வேறு ஆட்களுக்கு, வேறு மாதத்தில், வேறு ஏற்பாட்டோடு. என் எண்ணத்தில் முதல் கண்காட்சி மூன்றாம் படிவ மாணவர்களுக்கு, பாடத் தேர்வுக்கு முன்னால் நடக்க வேண்டும். மண்டபத்தில் அல்ல, பயிற்சிக் கழகத்தின் கொட்டகையிலும் ஆய்வுக்கூடத்திலும். ஒரு பேருந்து போதும். அந்தப் பேருந்தில் அம்மாக்களுக்கும் பத்து இடம் ஒதுக்க வேண்டும், ஏனென்றால் முடிவெடுப்பது அவர்கள். எதிரே நிற்பவர் இயக்குநராக இருக்க வேண்டிய அவசியமில்லை. மூன்று வருடம் முன்பு சேர்ந்த உதவியாளர் போதும், சீருடையோடு, சம்பளச் சீட்டைக் காட்டத் தயங்காதவராக. தமிழ் பேசுகிற ஒருவர் அந்தத் துறையில் அந்த மாவட்டத்தில் இல்லையென்றால் பக்கத்து மாவட்டத்திலிருந்து ஒரு நாளுக்கு அழைத்துவரலாம். ஒருவர்கூடக் கிடைக்கவில்லை என்றால் அதுவே துறைத் தலைமைக்குப் போக வேண்டிய அறிக்கை.

எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கான கண்காட்சி தனி. அங்கே துண்டறிக்கைக்குப் பதில் நாலு மடிக்கணினி வேண்டும். எஸ்.பி.ஏ.விலும் மாநில ஆணையத்திலும் பெயர் பதிந்து, மார்டி, ஃபாமா, ரிஸ்டா பக்கங்களைக் காட்டி, மலாய்மொழி கிரெடிட் இருக்கிறதா என்று சான்றிதழைப் பார்த்து, இல்லாதவரின் பெயரை மறுதேர்வுப் பட்டியலில் எழுதிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்தும் மைஃபியூச்சர்ஜாப்ஸ் வேலைக் கண்காட்சிகளில் தனியார் வேலைக்குப் பதிவு செய்து கொடுக்க ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். அரசாங்க வேலைக்கும் அதே மாதிரி ஒரு மேசை போடுவதற்குப் பெரிய செலவு இல்லை.

யார் பட்டியலை வைத்திருப்பது என்பதுதான் இதில் எல்லாம் தடுக்கி விழும் இடம். கண்காட்சியில் எழுதி வாங்கிய பெயர்கள் அன்று மாலையே ஒரு கோப்புக்குள் போய்விடும். இணையப் பதிவு காலாவதியாகும்போது நினைவுபடுத்தவும், விளம்பரம் வந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பவும், நேர்முகத்துக்கு முன்னால் இரண்டு மாலை மலாயில் பேசிப் பழக வைக்கவும் துறைக்கு ஆளில்லை. அது அவர்கள் வேலையும் அல்ல. பள்ளியின் வழிகாட்டி ஆசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கம், தாமானில் ஏற்கெனவே டியூஷன் நடத்திக்கொண்டிருக்கும் இளைஞர் குழு, கோயில் நிர்வாகம் இவர்களில் யாராவது ஒருவர் அந்தப் பட்டியலைக் கையில் வாங்கியாக வேண்டும். குளுவாங் மாதிரி ஓர் ஊரில் வருடத்துக்கு முப்பது பெயர் சேர்ந்தால் அதிகம். முப்பது பேரை ஒரு வருடம் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பது ஒரு டியூஷன் ஆசிரியரால் முடிகிற காரியம். பள்ளி விடுமுறையில் தொடங்கி, அடுத்த எஸ்.பி.எம். முடிவு வருவதற்குள் முதல் சுற்று நேர்முகங்கள் முடிந்திருக்கலாம்.